பாறைமேல் நிறுத்திய சிப்பாய்

காரைக்குடி
18-2-1971

அன்பு மகன் பூமிநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் சுகமாக இருக்கக் காளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அப்பாவின் சண்டை ஆட்டத்துக்காகக் கப்பலில் நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்து, வளைந்து வந்திருந்த பிளாஸ்டிக் துப்பாக்கிகளை வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். நாற்பத்தெட்டு சிப்பாய்கள். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. இதுவரை கருப்பிதான் இதைச் செய்துகொண்டிருந்தாள், சுடுகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான்கு நாளாக அவள் வேலைக்கு வரவில்லை. ஏன் என்று அப்பா உனக்கு எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

பெயின்ட் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அப்பா வேண்டாம் என்கிறார். சாயம் பூசினால் பொம்மையாகிவிடுமாம், இப்படி மொட்டையாக இருந்தால்தான் ஆட்களாகத் தெரிகிறார்களாம். சாம்பல் நிறம் எதிரி, பச்சை நம்முடையவர்கள். பச்சை ஒவ்வொன்றுக்கும் அறுபத்திரண்டு சீனச் சண்டையில் தன்கீழ் இருந்த ஒருவர் பெயரை வைத்து, காலடித் தகட்டின் அடியில் என்னை எழுதச் சொன்னார். நானும் மெல்லிய நிப்பால் எழுதினேன். படிக்காதவள்தானே துடைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முழங்கையில் புருஷன் பெயர் பச்சை குத்தியிருப்பதைப் எட்டு வருடமாகப் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. நான் தகட்டில் எழுதிய மாயன் என்ற மூன்று எழுத்தும் அவளுக்குத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும்.

அந்த மாயனை, கருப்பியின் புருஷன் மாயக்கண்ணனை, உனக்கு நினைவிருக்கும், கோவிலூர்க்காரர், அப்பா ஹவில்தாராக இருந்தபோது அவர் கீழ் சிப்பாய். சண்டையிலிருந்து திரும்பவில்லை. காவல் இடத்தைவிட்டு ஓடிவிட்டான் என்று அப்பா பட்டாள ஆபீசுக்கு எழுதிக்கொடுத்தார். அதனால் பென்ஷனும் இல்லை, பேரும் இல்லை. மகள் சின்னத்தாயிக்கு வந்த இரண்டு சம்பந்தமும் ஓடினவன் மகள் என்று திரும்பிப்போயின. நாம் இரக்கப்பட்டு வீட்டு வேலை கொடுத்ததாக ஊரில் பேச்சு, நானும் அதைக் கேட்டுப் பூரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் புதுவயல் ரைஸ் மில் உடையப்பன் அப்பாவோடு மேசையில் சிப்பாய்ச் சண்டை ஆட வந்திருந்தார். அன்றைக்கும் அறுபத்திரண்டின் அதே மலைச் சண்டைதான். அப்பா பச்சை ஆட்களை ஒவ்வொருவராகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் கூட்டிக்கொண்டிருந்த கருப்பி எழுந்து நின்று, எல்லாரையும் இங்குட்டு இழுத்துட்டீக, எங்க வீட்டு ஆளை மட்டும் ஏன்யா அந்தப் பாறையிலயே விட்டுட்டீக, வாராவாரம் பாக்குறேன், அவரு நகரவே மாட்டேங்குறாரு என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. உடையப்பன் சிரித்து, என்ன மாப்ள, விளக்கமாறு பிடிக்கிறவ கமாண்டர் ஆயிட்டா என்றார். அப்பா தலை நிமிராமல், உன் புருசன் நெசத்துலதான் நிக்கல, பொம்மையிலயாவது நிக்கட்டும்னு வச்சிருக்கேன் என்றார். நான் காப்பித் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். தம்ளர்களை மேசை ஓரத்தில் வைத்தேன்.

உடையப்பனுக்கு அதுவும் போதவில்லை. பகடையை அவள் கையில் வைத்து, நீயே உருட்டு ஆத்தா, ஆறு விழுந்தா உன் ஆளு வீடு திரும்பிருவான் என்றார். அவள் சேலையில் கையைத் துடைத்துவிட்டு உருட்டினாள். ஆறு விழுந்தது. கூப்பிட்டுக்க மாப்ள, பொம்பள ஜெயிச்சுட்டா என்று உடையப்பன் கை தட்டினார். ஆட்டம் கெட்ட எரிச்சலில் அப்பா, பின்வாங்கச் சொல்லி அவனுக்குத் தகவலே போகலய்யா, அன்னைக்குப் போய்ச் சொல்ல நான் ஆளே அனுப்பல, அப்புறம் எப்படி வருவான், விதிப்படி ஆடு என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கருப்பி பகடையை மேசையில் வைத்தாள், விளக்கமாற்றைச் சுவரோரம் சாத்தினாள், போய்விட்டாள். மீதி ஆட்டத்தை அவர்கள் ஆடி முடித்தார்கள். காப்பி ஆறிவிட்டது என்று அப்பா என்னிடம் கோபித்துக்கொண்டார்.

ஓடிவிட்டான் என்ற அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது. சண்டை முடிந்து லீவில் வந்தபோது அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஓடியதைப் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன், எழுது என்றார். மதுரையில் மூன்று வருடம் காலேஜில் படித்தது நல்ல கையெழுத்துக்கு மட்டும் பயன்பட்டது. போன வருடம் உன் கிளப்பில் ஆடுவதற்காக அந்தச் சண்டையின் வரைபடம் கேட்டாயே, அப்பா மணி வாரியாக வரைந்து அனுப்பினார். பார்க்காமலே உறையை ஒட்டியவள் நான். நீ பார்த்திருப்பாய். எல்லோரும் கீழே இறங்கிய பிறகும் பாறையில் ஒருவர் பெயர் இருந்திருக்குமே, உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? நண்பர்கள் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தாய்.

உன்னைத் திட்ட எழுதவில்லை. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், பட்டினி கிடக்காதே, நீண்ட ஆயுளோடு இரு. இனி சிப்பாய்கள் அனுப்பாதே. அந்தப் படத்தை மட்டும் கிழிக்காமல் ரிஜிஸ்தர் தபாலில் என் பெயருக்கு அனுப்பு, மறக்காதே. சாட்சிக்கு அது வரும்வரை காத்திராமல், வருகிற ஞாயிறு உடையப்பன் வந்து உட்காரும் நேரத்தில் நான் கோவிலூருக்குப் போய், முன்பு எழுதியது பொய், எழுதியவள் நான் என்று பட்டாள ஆபீசுக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடுமுன் அதைக் கருப்பிக்கும் சின்னத்தாயிக்கும் படித்துக்காட்டப் போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அம்மா
அன்னக்கிளி