ஆக்லாந்திலிருந்து கடையைத் திறந்தவர்

பாலோ, ஜொகூர்
மே 6

அன்பு மகன் கால்வினுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் மூவரும், என் விரல் ஒன்றைத் தவிர, சுகமாக இருக்கிறோம். இன்வர்கார்கில் குளிரிலும் அந்தப் பால்மாவு ஆலையின் ஈரத்திலும் நீயும் காலுறை நனையாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை அபிகெயில். என் வலது கை ஆட்காட்டி விரலில் தையல் மிஷின் ஊசி இறங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள், எலும்பில் படவில்லை, பயப்படாதே. நான் பேசுகிறபடியே எழுதடி என்றால் இவள் கேட்பதில்லை. "கடிதம்னா எழுத்துத் தமிழ்லதாம்மா எழுதணும், அண்ணன் படிச்சா மதிப்பா இருக்கணும்ல" என்கிறாள். நான்காம் படிவத்தில் இலக்கியப் பாடம் எடுத்ததிலிருந்து இவள் இப்படித்தான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். நீ மையால் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்று இதே உறையில் வருகிறது, உறை எப்படியும் வரப்போகிறதே என்று இதையும் வைக்கிறேன். அதோடு, நான் குரல் பதிவு அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது.

நெட்டில் அந்த விற்பனைக் கம்பெனியின் தளத்தில் நாம் வைத்திருக்கும் தையல் கடை பூட்டப்பட்டதை உனக்குப் போனில் சொன்னேன், எப்படி என்று முழுதாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பிள்ளை ஒருத்திக்கு, கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு உடை தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு இடது தோள் சற்று இறக்கம், அதனால் அந்தப் பக்கம் கால் அங்குலம் கூட்டி வெட்டியிருந்தேன். கை வைக்கும் இடத்தில் ஊசி ஓடும்போது போன் சத்தம் போட்டது, ஆர்டர் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், ஊசி விரலுக்குள் போய்விட்டது. அது ஆர்டர் இல்லை. உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் இருக்கிறது, கடை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி. அதற்குப் பிறகு கடைக்குள் போக முடியவில்லை, வாங்கியவர்களோடு பேசவும் முடியவில்லை. முடித்துப் பெட்டியில் வைத்த உடைகள் ஒன்பது, அலமாரியின் மேல் இருக்கின்றன. அந்தப் பெர்த் பிள்ளைக்கு இந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் நன்மை. அவள் பெயர் எனக்குத் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். அவள் அம்மா நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் குளுவாங்கில் உள்ள யுகேந்திரனிடம் அழைத்துப் போனார். உன்னோடு படித்தவன்தான், இப்போது போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான், வெளிநாட்டுக்குப் போன் உறையும் விற்கிறான், அதனால் இந்தக் கம்பெனிகளின் குணம் அவனுக்குத் தெரியும். பூட்டியிருந்தாலும் யார் எப்போது எங்கிருந்து கடையைத் திறந்தார்கள் என்ற பட்டியலை மட்டும் பார்க்கவிடுகிறார்கள், அதை எடுத்துக் காட்டினான். நாம் நெட்டில் எங்கே போனாலும் ஐபி முகவரி என்ற ஒரு நம்பரோடுதான் போகிறோமாம். "வாசல் மாதிரி லா ஆண்டி. உங்க வீட்டு லைன்ல போனா, நம்பர் அப்பப்ப மாறினாலும் இந்த ஏரியான்னு தெரிஞ்சிரும், அது நல்ல வாசல். சில வாசல் இருக்கு, வாடகைக்கு விடுறது, ஓசியில விடுறது. ஆயிரம் பேரு அதுல பூந்து வருவான், அதுல பத்துப் பேரு திருடனா இருப்பான். நீங்க நல்லவங்கதான், ஆனா அந்த வாசல்ல வந்தா உங்களையும் அப்படித்தான் பாப்பாங்க" என்றான். நம் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துத்தான், நம்மைக் காப்பாற்றத்தான், பூட்டினார்களாம். எனக்கு இது விளங்கவில்லை, உன் அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி எடை மேடையில் இருபது வருடம் நின்றவர் அல்லவா. "ஒரே நம்பர் லாரி இப்ப லாபிஸ்ல நிக்கிது, பத்து நிமிசத்துல யோங் பெங்லயும் நிக்கிதுன்னா, நானும்தான் கேட்டைச் சாத்துவேன்" என்றார்.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. அந்தப் பட்டியலில் நம் வீடு குளுவாங் என்று வருகிறது, அது சரி, பக்கத்து ஊர்தான். நடுவே ஆறு இடத்தில் ஆக்லாந்து, நியூசிலாந்து என்று வருகிறது. அந்த நாட்டில் நமக்கு உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? நீ இருப்பது தெற்குக் கோடி, ஆக்லாந்து வடக்கே என்று அபிகெயில் படத்தில் காட்டினாள். நீ விடுமுறைக்குப் போனாயோ, ஏதோ ஓசி வாசல் வழியாக வந்தாயோ, நான் அறியேன். போன வருடமும் நீ என்னைக் கேட்காமல் அங்கிருந்து உள்ளே வந்து படங்களை மாற்றினாய், ஒரு எச்சரிக்கை வந்தது. இனி கடைக்குள் வராதே என்றேன், வரமாட்டேன் என்றாய். போன வாரம் போனில் கேட்டபோது, "நான் தொடவே இல்லைம்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. கடை போனால் இன்னொரு கடை திறக்கலாம் என்று பார்த்தால், இந்தப் பெயரில் மறுபடி விடமாட்டார்களாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, செய்துவிட்டுச் செய்யவில்லை என்று நீ சொன்னது. கணக்கு உன் பெயரில் இருப்பதால், கடையைத் திறந்துவிடக் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் மேல்முறையீட்டுத் தாளில் நீதான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு முறைதான் கேட்கலாம், நாம் சொல்லும் காரணம் அவர்களிடம் உள்ள பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் கதவு மூடினது மூடினதுதான் என்று யுகேந்திரன் சொன்னான். சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து திறந்தார் என்று உன் அப்பா காரணம் எழுதி வைத்திருக்கிறார். மறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மேலே உள்ள வரியை எழுதியதும் அபிகெயில் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டாள். கை வலிக்கிறதா என்று கேட்டேன். "அம்மா, அது அண்ணன் இல்ல. நாந்தான்" என்றாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இவள் படிக்க ஆசைப்பட்ட ஒரு கதை வரிசை ஏதோ ஒரு புத்தகத் தளத்தில் இருந்திருக்கிறது, உங்கள் நாட்டில் திறக்காது என்று காட்டியிருக்கிறது. பள்ளி விட்டு வந்து என் போனைத்தானே இவள் வாங்கிப் படிப்பாள், அதில் ஓசியாகக் கிடைக்கும் ஒரு விபிஎன்னைப் போட்டிருக்கிறாள். அதைப் போட்டால் நாம் வேறு நாட்டில் இருக்கிறோம் என்று காட்டுமாம். நியூசிலாந்தை ஏனடி எடுத்தாய் என்று கேட்டேன். "கொடி கொடியா நிறைய நாடு இருந்துச்சு, எதை வேணும்னாலும் அமுக்கலாம். எனக்கு வேற நாட்டுல யாரைத் தெரியும்? அண்ணன் நாட்டைத்தான் அமுக்குனேன்" என்றாள். ஆறு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு புத்தகம். படித்து முடித்து, அதை நிறுத்தாமல் போனை என்னிடம் கொடுத்திருக்கிறாள். நான் அதே போனில் கடையைத் திறந்து ஆர்டர் பார்த்திருக்கிறேன். ஆக்லாந்திலிருந்து கடையைத் திறந்தது நான்தான், கால்வின், பாலோவில் நம் வீட்டுத் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

இது மறுநாள் எழுதுவது. இன்று காலையில் மறுபடி குளுவாங் போனோம், இவளையும் கூட்டிக்கொண்டு. யுகேந்திரன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அலமாக் ஆண்டி! விபிஎன் போட்டா போன்ல உள்ள எல்லாமே அந்த வழியாத்தான் போவும், புத்தகம் மட்டும் தனியாப் போவாது. பாவம் கால்வினு, ஒரு வாரமா அவனைக் கள்ளனாக்கி வச்சிருக்கீங்களே" என்று சிரித்தான். புத்தகங்களைத் திறந்த நாட்களைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தான், ஆறும் ஒத்துப்போயின. அந்த விபிஎன்னை எடுத்துவிட்டான். கடவுச்சொல்லை வீட்டு லைனில் இருந்துதான் மாற்ற வேண்டும், அவன் கடை லைனில் வேண்டாம் என்றான், வீட்டுக்கு வந்து மாற்றிவிட்டோம். உள்ளே நுழையும்போது வருகிற குறியீடு இன்னும் உன் பழைய மலேசிய எண்ணுக்குத்தான் போகிறது. அந்த சிம் பிஸ்கட் டின்னில் இருந்தது, உன் பழைய போனில் போட்டு வைத்திருக்கிறேன். கடை திறந்ததும் அதை என் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நேற்று இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீ பொய்க் காரணத்தின் கீழ் கையெழுத்துப் போட்டிருப்பாய், அம்மா சொல்லிவிட்டாள் என்று. அவர்கள் பதிவில் இருப்பது உன் போன் இல்லை, என் போன். ஒத்துப்போயிருக்காது, கடை போயிருக்கும். இவளை நான் அடிக்கவில்லை. புதுத் தாள் எடுத்து, நடந்ததை ஒன்றும் குறைக்காமல் காரணத்தில் எழுது என்றேன், மூன்று முறை திருத்தி ஆங்கிலத்தில் எழுதினாள், அதுதான் இப்போது உறையில் இருக்கிறது. உன் அப்பா எழுதின பழைய தாள் அடுப்புக்குப் போய்விட்டது. இனி புத்தகம் வேண்டுமென்றால் சனிக்கிழமையில் குளுவாங் நூலகத்துக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தையும் புதிதாக எழுதிவிடலாமா என்று அபிகெயில் கேட்டாள், உன்மேல் பழி போட்ட பக்கத்தை விட்டுவிட்டு. வேண்டாம் என்றேன். கோடு போட்டு அடிக்கவும் வேண்டாம் என்றேன். உன்னைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று நீ படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம்தான் நான் மன்னிப்புக் கேட்பதற்கு அர்த்தம் இருக்கும். நீ தொடவில்லை என்று சொன்னாய், உண்மையைச் சொன்னாய், நான் பட்டியலை நம்பினேன், உன்னை நம்பவில்லை. அது என் தவறு. மன்னித்துக்கொள், ஐயா.

தாளின் இரண்டாம் பக்கத்தில், கடையை வேறு யார் யார் எங்கிருந்து திறப்பார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் என் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். யுகேந்திரன்தான், "அவனுக்குத் திருட்டு வாசல் எதுக்கு ஆண்டி, சொல்லிட்டு வர்ற மாதிரி ஒரு வாசல் போட்டுக் குடுத்துருங்க" என்றான். எனக்கும் அது சரியாகப் பட்டது. சூசன், பாலோ என்றும், அதற்குக் கீழே கால்வின், இன்வர்கார்கில் என்றும் எழுதியிருக்கிறோம். உனக்கென்று தனிக் கடவுச்சொல் கிடைக்கும், நீ தங்கியிருக்கும் வீட்டு லைனில் இருந்து மட்டும் திற, ஆலை வைஃபையில் வேண்டாம், கூட்டாளி போனில் வேண்டாம். படம் மாற்ற வேண்டுமென்றால் மாற்று, ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்று. போன வருடம் நீ போட்ட படங்கள் உண்மையில் நன்றாகத்தான் இருந்தன.

உறை கிடைத்த அன்றே நீல மையில் ஐசி அடையாள அட்டையில் உள்ளதுபோலக் கையெழுத்துப் போட்டு, உள்ளே உள்ள கோலாலம்பூர் விலாசத்துக்கே நேராக அனுப்பிவிடு, இருபத்தொன்றாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பெர்த் பிள்ளையின் உடையில் கை ஒன்றுதான் பாக்கி, இடது கையால் மிஷினைச் சுற்றி மெதுவாக முடித்துவிடுவேன், கடை திறந்தால் அன்றைக்கே அனுப்பும்படி வைத்திருப்பேன். மாதா உன்னைத் தன் பார்வையில் வைத்திருக்கட்டும், வேலையிலும் வழியிலும் உனக்குத் துணையாக வரட்டும். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி யுகேந்திரன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதில் குளுவாங்குக்குக் கீழே இன்வர்கார்கில் என்று வந்தால், நீ ஆலையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

கட்டுப் போடாத கையால் கையெழுத்திடும்
உன் அம்மா,
சூசன் மரியநாதன்