ஓலை வாசிக்காத ஞாயிறுகள்

ரூவான், 1763

ஜனவரி 10, திங்கள்

காலையில் பாப்தீஸ்தும் நானும் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தால்தான் கல்யாணம். பிப்ரவரி 16 சாம்பல் புதன். அதற்கப்புறம் தவக்காலம், ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்து ஒரு வாரம் வரை எந்தக் கோவிலிலும் கல்யாணம் கிடையாது. எண்ணிப் பார்த்தேன், நாள் தாராளமாக இருந்தது. வயிற்றில் இரண்டு மாதம் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாமியார் நல்லபடியாகத்தான் பேனாவை எடுத்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பிறகு, "என்ன தொழில்?"

"நாடகம், சாமி," என்றான் பாப்தீஸ்த்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாடகக்காரங்க திருச்சபைக்கு வெளியில இருக்கறவங்க. தொழிலை விட்டுட்டோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க. அப்புறம் வாசிக்கறேன்."

போன மாதம் அந்தச் சாயப்பட்டறைக்காரனுக்கு வாசித்தாரே! முதல் பெண்டாட்டியை அவன் அடித்தே சாகடித்தான் என்று தெருவே சொல்கிறது.

சாயங்காலம் மேடையில் ராணியாகச் செத்தேன். மேடை மேலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் கனவான்களில் ஒருவர் நான் விழ வேண்டிய இடத்தில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே சாக வேண்டியதாயிற்று.

ஜனவரி 12

குழுத் தலைவர் துர்வால் சிரிக்கிறார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. நான் ரெண்டு தடவை கல்யாணம் பண்ணேன், ரெண்டு தடவையும் தொழிலை விட்டேன். மறுநாளே ஒத்திகைக்கு வந்து நின்னேன். அவங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்."

ஜனவரி 14

எழுதிக் கொடுத்தோம். சாமியார் நிதானமாகப் படித்தார்.

"இது போதாதும்மா. போன வருஷம் ஒரு ஜோடி இப்படித்தான் எழுதிக் குடுத்துச்சு. அஞ்சாம் நாள் மேடையில நின்னு காதல் வசனம் பேசுது. ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுது. இவங்களை விட்டுட்டேன்னு உங்க தலைவர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க."

ஜனவரி 15

துர்வால் தரமாட்டாராம். "மார்ச் வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. அதுல கவர்னரோட முத்திரை. நடுவுல விட்டேன்னா என்னையும் உள்ள போடுவாங்க, உங்களையும் போடுவாங்க."

ஜனவரி 20

கவர்னர் மாளிகையில் காலை முழுக்க நின்றேன். கால் வீங்கிவிட்டது. கடைசியில் காரியதரிசி வந்தான்.

"கல்யாணம் கோவில் விஷயம். நாங்க தலையிட முடியாது."

"அப்ப எங்களைக் குழுவிலேருந்து விடச் சொல்லுங்க ஐயா."

"நாடகம் அரசாங்க விஷயம். விட முடியாது."

நடிக்காவிட்டால் ஜெயில். நடித்தால் கல்யாணம் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாசல்வரை கூடவே வந்து, "போன வாரம் நீங்க செத்தது பிரமாதம்" என்றான். கழுத்தைத் திருகியிருப்பேன்.

ஜனவரி 23, ஞாயிறு

நான்கு ஜோடிக்கு ஓலை வாசித்தார். எங்களுக்கு இல்லை.

ஜனவரி 30, ஞாயிறு

இல்லை.

பிப்ரவரி 3

பாப்தீஸ்துடன் சண்டை. அவனுக்கு எல்லாவற்றுக்கும் புத்தகம்தான் பதில். கிரேக்கர்கள் நாடகத்தைத் தெய்வத்துக்கு எடுத்த திருவிழாவில்தான் போட்டார்களாம். நடிகனைத் தூதனாக்கி ராஜாவிடமே அனுப்பினார்களாம்.

"அப்ப அங்கயே போய்க் கட்டிக்கலாம், வா," என்றேன். "ரெண்டாயிரம் வருஷம் லேட்டு."

முகம் சுருங்கிப் போய்விட்டது. பாவம். ஆனால் நான் என்ன செய்ய, என் இடுப்பு அல்லவா பருக்கிறது!

பிப்ரவரி 7

கோவில் துணி துவைக்கும் மத்தூரின் என்பவள் மாடிப்படியில் ஒரு சங்கதி சொன்னாள். இந்த ஊர்க் கதீட்ரலில் அந்தக் காலத்தில் பாஸ்கு அன்று சாமியார்களே முக்காடு போட்டு, ஆண்டவரின் கல்லறைக்கு வந்த மூன்று பெண்களாக வேஷம் கட்டுவார்களாம். ஒருவர் சம்மனசாக, அதாவது தேவதூதராக நின்று, "யாரைத் தேடறீங்க?" என்று கேட்பாராம். அவள் மாமனாருக்கு அவர் தாத்தா சொன்னது.

பிப்ரவரி 8

சாமியாரிடம் நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"கதீட்ரல்ல சாமியாருங்களே பொம்பளை வேஷம் கட்டினாங்களாமே, சாமி?"

"அது வழிபாடும்மா."

"முக்காடு போட்டாங்க. வசனம் பேசினாங்க. ஜனங்க பாத்து அழுதாங்க. இதுல எது நான் பண்ணாதது?"

சாமியார் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேசுசபைச் சாமியாருங்க பள்ளிக்கூடத்துல நானும் ராணி வேஷம் போட்டிருக்கேன். லத்தீன்ல. பதிமூணு வயசு," என்றார்.

"எப்படிச் செத்தீங்க?"

"விஷம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வழிக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஆனா ஓலை வாசிக்க முடியாதும்மா."

தெருவில் அழுதுகொண்டே வந்தேன். ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டு, நிஜமா அழறீங்களா என்று கேட்டாள்.

பிப்ரவரி 16, சாம்பல் புதன்

முடிந்தது.

மார்ச் 2

குழுவின் தையற்காரி என் ராணி உடுப்பின் இடுப்பைத் தளர்த்தித் தந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 5

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். இத்தனை நாள் ஏன் படிக்கவில்லை? மார்ச் 19 சாயங்காலத்தோடு முடிகிறது. மறுநாள் பாஸ்குக்காகக் கொட்டகையை மூடுகிறார்கள். புது ஒப்பந்தம் ஏப்ரல் 11 திங்கள், கொட்டகை திறக்கும் அன்று. நடுவில் மூன்று வாரம் நாங்கள் யாருடைய ஆளும் இல்லை! துர்வால் கடிதம் எழுதலாம், அதில் ஒரு பொய்யும் இருக்காது. கல்யாணத்துக்குக் கோவில் திறப்பதும் அதே ஏப்ரல் 11தான்.

பாப்தீஸ்தைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். "மெதுவா, மெதுவா," என்று வயிற்றைப் பார்க்கிறான்.

மார்ச் 21

சாமியார் கடிதத்தை மூன்று தடவை படித்தார். வழி இல்லை அவருக்கு.

"வேதபுத்தகத்து மேல கை வெச்சுச் சொல்லுங்க. இனிமே மேடை ஏற மாட்டோம்னு."

வைத்தேன், சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல். பாப்தீஸ்துக்குக் குரல் உடைந்தது. இரண்டு தடவை ஆரம்பித்தான், கண் கலங்கிவிட்டது. பரவாயில்லையே, நன்றாகப் பண்ணுகிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, குருத்து ஞாயிறு

வாசித்தார்! என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.

ஏப்ரல் 11, திங்கள்

காலை ஏழு மணிக்குக் கல்யாணம். மத்தூரின் சாட்சி, துர்வால் சாட்சி. வெளியே வந்து ஆளுக்கொரு கோப்பை ஆப்பிள் மது குடித்தோம். துர்வால் புது ஒப்பந்தத்தைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பாப்தீஸ்த் பேனாவை வாங்கவில்லை.

"கை வெச்சுச் சொல்லியிருக்கேன், ஒனொரின்."

"நானும்தான் வெச்சேன்."

"நீ நடிச்ச."

"நீ?"

"நான் நடிக்கலை."

துர்வால் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்னென்னவோ சொன்னேன் — முட்டாள், கோழை, இதுக்கா மூணு மாசம் நாயா அலைஞ்சேன். நடுத்தெருவில், கல்யாணத்தன்றே. சாயங்காலம் அவன் வேஷத்தை வேறொருவன் கட்டினான். வசனத்தை இரண்டு இடத்தில் விழுங்கினான்.

ஏப்ரல் 12

பேசவில்லை.

ஏப்ரல் 13

பேசவில்லை.

மே 6

ஒரு பத்திர எழுத்தரிடம் நகலெடுக்கும் வேலைக்குப் போகிறான். விரலெல்லாம் மை. ஞாயிறு தவறாமல் பூசை. நான் போவதில்லை, எந்த முகத்தோடு போக? சாமியார் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 19

புது வேஷம், நானூறு வரிக்கு மேல். தனியாகப் பாடம் பண்ண முடியாமல் தாள்களை வீசி எறிந்தேன். பாப்தீஸ்த் பொறுக்கி அடுக்கி எதிரே உட்கார்ந்தான். "சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"இது பாவம் இல்லையா?"

"இது மேடை இல்லையே."

அவன் வசனத்தை எடுத்துக் கொடுத்தால் எனக்கு மறப்பதில்லை. இப்பேர்ப்பட்டவனை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த வசன முழுங்கியோடு நடிக்கிறேனே!

ஜூன் 25

இனி எந்தப் பாவாடையாலும் மறைக்க முடியாது. துர்வால் செப்டம்பர் கடைசியில் வரச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டு 20

பெண் குழந்தை. இருவரும் நலம். எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்டு 22

நேற்று ஞானஸ்நானம். நான் படுக்கையில். தாய் என்ன தொழில் என்று கேட்டால் தையல் என்று சொல் — அத்தனை தடவை பாப்தீஸ்துக்குச் சொல்லி அனுப்பினேன். ஞானத்தாய் மத்தூரின் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சாமியார் கேட்டாராம். இவன், "நடிகை" என்றானாம்.

"இன்னுமா?"

"இன்னும்தான், சாமி. செப்டம்பர்ல திரும்ப ஏறுவா."

ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். பிறகு எழுதினாராம். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினாராம்.

கத்தினேன். பால் கட்டிய மார்போடு, பிள்ளை அலற அலற. "ஒரே ஒரு பொய். அது கூட முடியாதா உன்னால?"

"நீ தையற்காரியா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

ஞானஸ்நானப் பதிவின் நகலைத் தானே எடுத்து வந்திருக்கிறான், அவனுடைய அழகான கையெழுத்தில். 'ஒனொரின் வாஸ்லெ, நடிகை, பாப்தீஸ்த் லெகூரின் முறையான மனைவி.' சாமியார் எழுதியது இதேதானா என்று கேட்டேன். ஒரு அடித்தல் இல்லாமல் இதே வரிதான் என்று மத்தூரின் சிலுவை போட்டுச் சொன்னாள்.

கோபம் போகவில்லை. பாப்தீஸ்த் தாளை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனான்.

"இருக்கட்டும்," என்றேன். "எனக்குத் தெரியற மாதிரி வை."