ஜீப்பில் குடியிருந்த எலியும் உன் அப்பாவும்

மஞ்சக்குட்டை,
17-11-1986

அன்பு மகள் பார்வதிக்கு அம்மா ராசம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஜீப் மூவரும் சுகம். மூன்றாவது ஆளுக்குப் போன வாரம்தான் உடம்பு தேறியது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க சேர்வராயன் சாமி துணை நிற்கட்டும்.

இந்த வருடம் மழையும் பனியும் சேர்ந்து வந்ததில் காட்டு எலியெல்லாம் நம் ஜீப் ஷெட்டுக்குக் குடிவந்துவிட்டது கண்ணு. ஏனுங்க, ராகி மூட்டையை வண்டிகிட்ட அடுக்காதீங்க, எலி வருமுங்க என்று நான் ஐப்பசி பிறந்ததிலிருந்தே சொன்னேன். டீசல் வாசத்துக்கு எலி எட்டிக்கூடப் பாக்காது புள்ள, இருவது வருசமா வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாதா என்றார் உன் அப்பா. உன் யோசனைப்படி அந்துருண்டை வாங்கிப் போட்டோம். அதற்கு எலிகள் நல்ல மரியாதை செய்தன, உருண்டைகளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மூட்டையைக் கடித்தன. விஷம் வைக்கலாம் என்றால் வண்டிக்குள் எங்காவது செத்து நாறும், கோழி வேறு கொத்திவிடும் என்று பயம். அப்படியே விட்டுவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து செல்வராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் பெண்சாதி கண்ணாயி, உன்னோடு ஐந்தாவது வரை படித்தவள், அவளுக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. நர்ஸம்மா பார்த்துவிட்டுக் குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டதாம். உன் அப்பா சட்டையைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டி வாயே திறக்கவில்லை. செல்ஃப் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். லைனிலிருந்து நாலு பேர் வந்து வண்டியைச் சரிவில் தள்ள, பாதி தூரம் போய் இருமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

கண்ணாயியை என் மடியில் சாய்த்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் ஹாரனும் இல்லை, லைட்டும் இல்லை என்று தெரிந்தது. பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் செல்வராஜ் வெளியே தலையை நீட்டி, வண்டி வருதுங்கோ, ஓரம் போங்கோ என்று கத்திக்கொண்டே வந்தான். அவன் தொண்டை கட்டியதும் உன் அப்பா கத்தினார். கோயில் கூட்டத்திலே என்னைக் கூப்பிடக்கூடக் கூச்சப்படுகிற மனுசன். கண்ணாயி என் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. பொழைச்சுருவனாங்க அம்மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நம்ம வண்டியில ஏறினவங்க ஊடு திரும்பாம இருந்ததில்ல சாமி என்று சொன்னேன், எனக்கே நம்பிக்கையில்லை. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பெண் குழந்தை. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டு உன் அப்பா வராந்தாச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என் தப்பு புள்ள, நீ சொன்னப்பவே மூட்டையை எடுத்திருக்கணும் என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தன் தப்பென்று அவர் ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான், தேதி குறித்து வைத்துக்கொள்.

மறுநாள் பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் மெத்தை போட்டதுபோல ஒரு கூடு. சாக்கு நார், சீட்டுப் பஞ்சு, நடுவில் நீல நீலமாகக் காகிதத் துணுக்கு. எடுத்துப் பார்த்தால் உன் கையெழுத்து. நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து எழுதிய இன்லண்ட் லெட்டர் அத்தனையும், நான் வீடெல்லாம் தேடிச் சலித்தவை. வீட்டிலிருந்து எலி இழுத்துட்டு வந்திருக்கும் என்று உன் அப்பா முதலில் சாதித்தார். நான் விடாமல் பார்த்ததும், ஒண்டிக்கடை ஸ்டாண்டுல சவாரிக்கு ஆள் சேர்ற வரைக்கும் சும்மாதான குந்தியிருக்கிறேன், அப்பப் படிக்கலாம்னு வண்டிப் பொட்டியில வெச்சேன் என்றார். நான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டும்போதெல்லாம் பீடி பற்றவைக்க எழுந்து போகிறவர் இவர். துணுக்குகளை முறத்தில் கொட்டி மத்தியானம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தார். ஒரு வரிகூடக் கூடிவரவில்லை. அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இப்போது ராகி மூட்டையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது, எனக்குத்தான் படுக்க இடமில்லை. ஷெட் கதவுக்கு அடியில் தகரம் அடித்தார், சுவர் ஓட்டையில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்துப் பூசினார். வண்டி நிற்கும்போதெல்லாம் பானெட்டைத் திறந்தே வைக்கிறார், வெளிச்சம் பட்டால் எலி அண்டாதாம். கொட்டச்சேடு கிராமத்திலிருந்து பூனை ஒன்று வந்திருக்கிறது. அது டிரைவர் சீட்டில்தான் தூங்கும், அதை எழுப்ப மனமில்லாமல் உன் அப்பா வெளியே நிற்கிறார். கண்ணாயி நேற்று வீடு வந்துவிட்டாள், குழந்தை நன்றாக இருக்கிறது.

குளிர் காலம், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு திரியாதே, மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள், முழுக்க விட்டுவிடாதே. மக்களோடு மகராசியாக இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். எலி விசயத்தை எழுது, லெட்டர் விசயத்தை எழுதாத என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார், அதனால் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் அடுத்த கடிதத்தை அவர் பெயருக்கே போடு கண்ணு. என்ன காரணம் என்று கேட்டால் சும்மா எழுதத் தோன்றியது என்று சொல். கொஞ்சம் நீளமாகவே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ராசம்மாள்