வடக்கு வெளிச்சமும் ஏழு தோல் கோட்டும்

திண்டுக்கல்,
புதன்கிழமை.

அன்புள்ள அத்தாவுக்கு, உங்கள் மகள் ரஃபியா ஸலாம் கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் மூக்கு மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அம்மாவின் போனுக்கு எது வந்தாலும் குடும்பமே கூடிப் படிக்கிறது. அதனால்தான் லீவு முடிந்து உங்கள் கப்பலுக்கே திரும்பும் நாசர் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது பிரியுங்கள்.

ஜனவரியில் நார்வே பக்கம் போகும் கப்பலில், வேலை செய்பவர் வீட்டிலிருந்து இரண்டு பேருக்குக் கம்பெனியே இடம் தருகிறது, ராத்திரி வானத்தில் பச்சையாக ஆடும் வடக்கு வெளிச்சம் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னது அம்மாவுக்கும் எனக்கும். பெரியத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் தப்பாகிவிடும் என்று அம்மா போய்ச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு ஏழு பேர் முளைத்தார்கள். "தம்பி கப்பல்ல நாம போகாம வேற எவன் போவான்?" என்று பெரியத்தா சொந்தச் செலவில் டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டார். வடமதுரையைத் தாண்டி வடக்கே போயிராத கூட்டம் வடதுருவத்துக்குத் திட்டம் போடுகிறது!

முதலில் பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதம் போகலாம் என்றார்கள். மே மாதம் அங்கே இருட்டே வராது, வெளிச்சம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ராத்திரி இல்லாத ஊரு எங்க பிள்ளே இருக்கு? அப்ப இஷா தொழுகை எப்பத் தொழுவாக?" என்று பெரியத்தா என்னையே மடக்கினார். அந்த ஏழில் ஒருவரான ஃபயாஸ் மாமா டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய், லைட்டை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தார். நாங்கள் கப்பல் ஏறும் முன்பே மானம் கப்பலேறிவிட்டது.

இப்போது மூக்கு விஷயம். பெரியத்தா குடோனில் மிச்சம் கிடந்த ஆட்டுத்தோலில் ஏழு கோட்டு தைத்து, அவர் வீட்டில் இடமில்லை என்று நம் கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அரைகுறையாகப் பதப்பட்ட தோல். ஃபேனைப் போட்டால் ஏழு ஆடும் சேர்ந்து கத்துவது போல வாடை. நம் மொட்டை மாடியில் பெரியம்மா பயணத்துக்கென்று உப்புக்கண்டம் காயப்போட்டிருக்கிறார். மேலே காக்கா, கீழே ஈ, நடுவில் காவலுக்கு நான். கப்பல் சாப்பாடு ஒத்துக்குமோ என்னமோ என்றார். அங்கே சமைப்பதே அத்தாதானே என்றேன். "அதான் யோசிக்கிறேன்" என்றார். அன்று எனக்கு உவ்வே என்று வந்தது வாடையினால் மட்டும் அல்ல.

அதனால் ஒரு வேலை செய்தேன். கம்பெனி அனுப்பியது போலவே ஒரு விதிமுறைத் தாள் தயாரித்து, முத்திரையெல்லாம் வைத்து, குடும்ப குரூப்பில் வரும்படி செய்தேன். பயணிகள் ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார்ந்து காட்ட வேண்டும். காலையில் பச்சை மீன்தான். தோல் ஆடைக்கு அனுமதி இல்லை. பக்கம் நிரம்ப வேண்டுமே என்று கடைசியில் இன்னொன்றும் சேர்த்தேன்: சொந்தக்காரர் ஒருவர் வந்தால், ஊழியர் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பாத்திரம் கழுவ வேண்டும்.

ஐஸ் தண்ணீரில் மூன்று பேர் கழன்றார்கள், மீனில் மூன்று பேர். கோட்டைத் தடை செய்ததும் பெரியத்தா கோபித்துக்கொண்டு விலகினார். கடைசி வரியைப் பற்றி அவர் சொன்னது: "கழுவட்டுமே, அதுக்குத்தானே சம்பளம்." இதை எழுதும்போதே என் வாய் கசக்கிறது அத்தா.

அந்த வரியைப் படித்து விலகிய ஒரே ஆள் அம்மா.

"எனக்குக் கடல் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டார். கடலை இதுவரை பார்த்ததே இல்லாதவர்! சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டரைத் தினமும் மத்தியானம் போட்டு, ஃபேனை முழுசாகச் சுற்றவிட்டுப் பழகிக்கொண்டிருந்தவர், அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

நான் உடனே உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. "என்னையக் கிளப்புறதுக்கு நீ இப்பச் சொல்றதுதான்டி பொய்யி" என்கிறார். உப்பு டப்பாவில் சர்க்கரை வைத்தது, பக்கத்து வீட்டு காலிங் பெல்லில் பசை தடவியது எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்று தண்டனை. குரானைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன் என்றதற்கு, விளையாட்டுக்கெல்லாம் அதைத் தொடாதே என்று அடிதான் விழுந்தது.

அம்மாவுக்கு வானத்து வெளிச்சம் ஒரு சாக்கு. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஊருல இருக்கிற வெள்ளைக்காரனெல்லாம் அவுக கைச் சோறு திங்கிறான். நான் ஒருவாய் தின்னதில்லை." நீங்கள் லீவில் வந்தால் பெரியத்தா உங்களை அடுப்படிப் பக்கம் விடமாட்டார், ஆம்பளை வீட்டில் கரண்டி பிடிக்கலாமா என்பார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அம்மாதான் வடித்துக் கொட்டுகிறார்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் இருபத்தெட்டு. அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கூப்பிடுங்கள். பெரியத்தா பள்ளிவாசலில் இருப்பார், அம்மா தனியாக இருப்பார். பாத்திரம் கழுவ மெஷின் இருக்கிறது என்று சொல்லுங்கள். என்னைத் திட்டுங்கள், அவர் காதுபடத் திட்டுங்கள். ஏழு பேருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். கை சுட்டுக்கொள்ளாமல் வேலை பாருங்கள். அம்மா ஸ்வெட்டரை பீரோவுக்குள் வைக்கவில்லை அத்தா, நீங்கள் வீட்டில் விட்டுப்போன பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை பொய் சொல்லாத மகள்,
ரஃபியா.