பதினேழாம் தேதி விண்ணப்பம்

இரும்புலியூர், மேற்குத் தாம்பரம்
24-8-2024

அன்பு ஜோசி பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

போன வாரம் உன் ஹாஸ்டலுக்கு என் கையெழுத்தில் ஒரு கவர் வந்திருக்கும். பிரித்துப் பார்த்திருந்தால் உள்ளே ஒன்றும் இருந்திருக்காது. நானே இன்றைக்குக் காலையில்தான் கண்டுபிடித்தேன். தியானப் பகுதி படிக்கலாம் என்று பைபிளைத் திறந்தால், உனக்கு எழுதின மூன்று பக்கமும் உள்ளே சுகமாகப் படுத்திருக்கிறது. கவரை ஒட்டினேன், பின்கோடு எழுதினேன், தபாலாபீஸ் பெண்ணிடம் "அர்ஜென்ட்டும்மா" என்று வேறு சொன்னேன். கடிதத்தை மட்டும் வைக்கவில்லை. முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், கனெக்‌ஷன் கொடுக்காமல் சுவிட்ச் போட்டிருக்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "நீங்க வெளிய விடாம வச்சது இது ஒண்ணுதான்" என்றாள்.

நீ கடைசியாகப் போட்ட மெசேஜில், "இனிமே போன் வேண்டாம். நீங்க ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவீங்க, பக்கத்துல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்றாய். நியாயம்தான். காது மந்தம், அதனால் ஸ்பீக்கர். வாய்க்கு அந்தக் குறை இல்லை. எனவே அரை மணி நேர டிரெயின் தூரத்துக்குத் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். சபையின் ஜெபக் குறிப்பு அட்டையை மாதாமாதம் தயார் பண்ணுகிறவன் நான்தான் என்று உனக்குத் தெரியும். தேதிக்கு ஒரு விண்ணப்பம். எண்பது குடும்பமும் காலையில் தியானம் படித்துவிட்டு, அன்றைய தேதியில் உள்ளதை வைத்து ஜெபம் பண்ணுவார்கள். ஆகஸ்ட் பதினேழில் உன் காரியத்தைப் போட்டேன். ஜூன் மாதம் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நீ என்னிடம் மட்டும் சொன்னதை வெளியே விட்டது தப்புதான். ஆனால் உன் பேரைப் போடவில்லை பாப்பா. பேரை மட்டும் போடவில்லை. ஜெபத்துக்காகத்தான் செய்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா வில்பிரட்

பி.கு.: இந்தத் தடவை கடிதத்தை உள்ளே வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அப்புறம்தான் ஒட்டினேன்.


காட்டாங்குளத்தூர்
28-8-2024

அப்பாவுக்கு,

காலிக் கவர் வந்தது. நீங்க எனக்கு அனுப்பினதிலேயே அதுதான் நல்ல கடிதம்.

பேர் போடல, பேர் போடலன்னு எழுதியிருக்கீங்க. அட்டை என் கையில் இருக்கு. அப்படியே காப்பி பண்றேன், படிச்சுப் பாருங்க:

"17: ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து, நான்காம் மாதத்தில் கர்ப்பம் கலைந்து, கணவரோடு மனவருத்தமாகி ஹாஸ்டலில் தங்கியிருக்கும், பெயர் குறிப்பிட விரும்பாத சகோதரிக்காக."

என் ஆதார் நம்பர் ஒண்ணுதான்ப்பா விட்டுப்போச்சு.

உங்க எண்பது குடும்பத்துல ஊரப்பாக்கத்துக்குக் கட்டிக்கொடுத்த பொண்ணு நான் ஒருத்திதான். அட்டையை ஞானஜோதி டீச்சர் ஊரப்பாக்கத்துல இருக்கிற அவங்க அக்காவுக்குக் கொடுத்திருக்காங்க. அந்த அக்காவும் என் மாமியாரும் ஒரே ஜெபக்குழு. குழந்தை உண்டானதையே எபியும் நானும் அவர் அம்மாகிட்ட சொல்லல. அஞ்சாம் மாசம் சொல்லலாம்னு இருந்தோம். இருந்ததையும் இல்லாம போனதையும் அத்தை ஒரே வரியில, அட்டையில படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

பதினேழாம் தேதி சனிக்கிழமை. எல்லாப் பொண்ணுங்களும் ஹாஸ்டல்லதான் இருந்தாங்க. விசிட்டர்னு கூப்பிட்டாங்களேன்னு இறங்கி வந்தேன். கேட்டுல அத்தை, கூட நாலு சகோதரிகள், கையில எண்ணெய் பாட்டில். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நெத்தியில எண்ணெய், தலையில பத்து கை. "அடைபட்டதைத் திறந்தருளும் ஆண்டவரே"ன்னு ஒரே சத்தம். மாடி ஜன்னல் ஒவ்வொண்ணுலயும் தலை. வாட்ச்வுமன் முனியம்மா ஓடி வந்து, "இன்னாம்மா ஜோசு, உன் மேல பேய் எதுனா கீதா? நேத்திக்கு நல்லாத்தானே இருந்த?"ன்னு கேட்டாங்க. அவங்க அக்கறையாத்தான் கேட்டாங்க. அதுதான் தாங்க முடியல.

அடுத்த நாள் எபி என்னைப் பார்க்க வர்றதா இருந்தார். ரெண்டு மாசத்துல முதல் தடவையா. வரல. "அதைப் பத்திப் பேச எனக்கு இன்னும் வாயே வரல, உங்க அப்பா அச்சடிச்சுட்டார்"னு ஒரு மெசேஜ். அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல.

ஒரே கேள்விதான் கேக்கறேன். ஜெபத்துக்காகன்னு எழுதாதீங்க. ஜெபம்னா நீங்களே பண்ணியிருக்கலாம். ஏன் சொன்னீங்க? உண்மையான பதில் இருந்தா எழுதுங்க. இல்லைன்னா கவர் காலியாவே வரட்டும்.

ஜோசலின்


இரும்புலியூர்
1-9-2024

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஆதார் நம்பர் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். முனியம்மா வந்த இடத்தில், தண்ணீர் மோட்டார் வாங்கிப்போக வந்த ஹரிபிரசாத் சார், "என்ன வில்பிரட், கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

நீ கேட்டதற்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நான் நல்லவனாக இருந்தேன். இது ஐந்தாவது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிகிறபோது பாஸ்டர், "யாருக்காவது விண்ணப்பம் உண்டா?" என்று கேட்பார். பத்து வருஷமாக நான் நோட்டை வைத்துக்கொண்டு எழுதிக்கொள்கிறவன். டீச்சர் பேசுவார்கள், பேங்க் மேனேஜர் பேசுவார், கனடாவில் பிள்ளை இருக்கிறவர்கள் பேசுவார்கள். நான் பத்தாம் வகுப்பு. நான் எழுந்தால் ஃபேன் ரிப்பேர் என்று சொல்லத்தான் எழுந்திருப்பேன் என்று எல்லாருக்கும் தெரியும். "வில்பிரட் அண்ணா, மைக் கொர்ருங்குது பாருங்க." என் பேரைச் சொல்லி சபையில் வந்த விண்ணப்பம் இது ஒன்றுதான்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை எழுந்தேன். அட்டையில் உன் பேர் இல்லை என்று பெருமையாக எழுதினேனே, அதற்கு முன்பே கூட்டத்தில் "என் மக ஜோசலின்" என்றுதான் ஆரம்பித்தேன். இது உனக்குத் தெரியாது. இப்போது தெரியட்டும்.

பாஸ்டர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். ஞானஜோதி டீச்சர் அழுதார்கள். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். டீ வந்தபோது முதல் டம்ளர் எனக்கு. பாப்பா, அந்த டீ நன்றாக இருந்தது. உன் துக்கத்தைச் சொல்லி வாங்கிக் குடித்த டீ எனக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் மனசு லேசாக இருக்கிறதே, இதுதான் தேவ ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன். அது ஆறுதல் இல்லை, மரியாதை. இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்றுதான் அட்டையிலும் போட்டேன்.

இதுதான் பதில். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அதிலும் எங்கேயாவது ஒரு டீ கிடைக்குமா என்று பார்க்கிற ஆள் நான்.

அப்பா


இரும்புலியூர்
12-9-2024

பாப்பாவுக்கு,

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று இல்லை.

அட்டை வேலையை விட்டுவிடுகிறேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன். "வேற யாருக்கும் தமிழ் டைப்பிங் வராதே அண்ணா" என்றார். ராஜினாமாகூட எனக்கு ஒழுங்காகச் செய்ய வரவில்லை.

மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று திங்கட்கிழமை ஊரப்பாக்கம் போனேன். ஸ்டேஷனில் இறங்கினேன். இங்கேயும் பேசப்போவது நான்தானே என்று தோன்றியது. எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், அடுத்த டிரெயினில் திரும்பிவிட்டேன்.

அப்பா


காட்டாங்குளத்தூர்
19-9-2024

அப்பா,

டீ பத்தி நீங்க எழுதினதை ரெண்டு வாரமா வச்சு வச்சுப் படிச்சேன். முதல்ல கிழிச்சுப் போடணும்னு இருந்தது. கூட்டத்துலயும் பேரோட சொல்லியிருக்கீங்களேன்னு அவ்வளவு கோபம். அப்புறம், இவ்வளவு வெட்கக்கேடான உண்மையை இதுவரை யாரும் எனக்கு எழுதினதில்லைன்னு தோணிச்சு.

அதைப் போட்டோ எடுத்து எபிக்கு அனுப்பிட்டேன். உங்களைக் கேக்கல. உங்க ரகசியம் ஒண்ணை நான் வெளிய விட்டுட்டேன். எப்படி இருக்கு?

எபி ஞாயிற்றுக்கிழமை வந்தார். மைக் கொர்ருங்குது பத்திக் கேட்டுக் கொஞ்சம் சிரிச்சார். அப்புறம் பேசினோம். திரும்பி ஊரப்பாக்கம் போவேனான்னு இன்னும் தெரியல. ஆனா அந்தக் குழந்தையைப் பத்தி முதல் தடவையா பேசினோம். அதுக்கு ஒரு பேர் வச்சோம்.

இப்ப ஒரு விண்ணப்பம். இது அட்டைக்கு இல்ல, கூட்டத்துக்கு இல்ல. 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போறோம். அவங்க என்ன சொல்லுவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஜெபம் பண்ணுங்க. சத்தமில்லாம. நீங்க ஜெபம் பண்ணினா அடுத்த தெருவுல ஆமென் சொல்லுவாங்க, ஞாபகம் இருக்கட்டும். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.

கூட ஒரு சின்னத் தாள் இருக்கு. அதுல அந்தப் பேர். படிச்சுட்டுக் கிழிச்சுடுங்க. எபிக்கும் எனக்கும் அடுத்து உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "உங்க அப்பாகிட்டயா சொல்லப்போற?"ன்னு எபி கேட்டார். ஆமான்னேன். சரியா வருமான்னு கேட்டார். தெரியலன்னு சொன்னேன்.

ஜோசி


இரும்புலியூர்
28-9-2024

அன்பு ஜோசி பாப்பாவுக்கு,

தாளைப் படித்தேன். நீ சொன்னபடி கிழித்தேன். மூன்றெழுத்துப் பேர். கிழித்து முடிக்க வெகு நேரமானது. துண்டுகளைக் கடையில் இருக்கிற வார்னிஷ் டப்பாவில் போட்டேன். இனி யாரும் எடுத்துப் படிக்க முடியாது.

இந்த வாரத் தியானப் பகுதியில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணுவதைப் பற்றி வந்தது. என் கடைக்குக் கதவு ஏது, ஷட்டர்தான். நேற்று மதியம் அதைப் பாதி இறக்கினேன். டெஸ்டுக்கு இருந்த மோட்டாரை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெபம் வாய்க்குள்ளேயே நிற்க மாட்டேன் என்கிறது, பழக்கமில்லை. ஹரிபிரசாத் சார் குனிந்து எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார். "பேரிங் சத்தம் கேக்கறேன் சார்" என்றேன். அந்தப் பொய்க்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், சத்தமில்லாமல்.

சாயங்காலம் ஜெபக்கூட்டம். பாஸ்டர் என்னைப் பார்த்து, "அண்ணா, நம்ம பதினேழாம் தேதி விண்ணப்பம் என்னாச்சு? ஜெபத்துக்குப் பதில் கிடைச்ச சாட்சி ஏதாவது உண்டா?" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. டீச்சர் கர்ச்சீப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள். எழுந்தேன். "ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டர்கிட்ட போயிருக்காங்க." இந்த ஒரு வரி நாக்கு நுனியில் நின்றது பாப்பா. சொன்னால் ஹால் முழுக்க ஸ்தோத்திரம் எழும்பும். முதல் டீ வரும்.

விழுங்கிவிட்டேன். "என் மக என்னை நம்பிச் சொன்னதை, அவளைக் கேக்காம இங்க சொன்னேன். அட்டையிலயும் போட்டேன். அது விண்ணப்பம் இல்ல, கோள். இனிமே அதைப் பத்தி அவகிட்டயும் கேக்காதீங்க, என்கிட்டயும் கேக்காதீங்க. என் வாய்க்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் தரையைப் பார்த்தார். முன்வரிசை நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். டீ எனக்குக் கடைசியில் வந்தது, ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

இன்று காலை அக்டோபர் அட்டையைப் பிழை பார்க்க டீச்சரிடம் கொண்டுபோனேன். "பதினேழு காலியா இருக்கே, விட்டுட்டீங்களா?" என்றார்கள். "இல்ல டீச்சர், அப்படியே இருக்கட்டும்" என்றேன். "அன்னைக்கு என்னன்னு சொல்லி ஜெபம் பண்றது?" "யார்கிட்டயும் சொல்லாதது உங்களுக்கும் ஏதாவது இருக்குமில்ல. அது" என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம், "சரி, இருக்கட்டும்" என்றார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதலாம் என்று உனக்கே தோன்றுகிற நாளில் எழுது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பிளாட்பாரத்தில் நீ சொன்னதும் நான் "கர்த்தருடைய சித்தம்மா" என்று சட்டென்று சொல்லி முடித்துவிட்டேன். அடுத்த டிரெயின் வருகிறதா என்றுகூட எட்டிப் பார்த்தேன். போனது எனக்கும் சொந்தம் என்பது அப்போது உறைக்கவில்லை. நேற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தப் பேரை மனசுக்குள் ஒரு தடவை கூப்பிட்டேன். கூப்பிட்டதும், "நான்தான் உன் தாத்தா" என்று சொல்ல வாய் வந்தது.

ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது. சொல்லவில்லை.

அப்பா