மின்விசிறிக்கு மதிப்பெண் இல்லை

ஐயா,

அம்மா மண்டபம் சாலை முனையில் உங்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் தொங்குகிறது. ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து காற்றில் படபடக்கிறது. இன்று பஸ்ஸுக்காக நின்ற நேரத்தில் முழுவதையும் படித்தேன். ‘கல்விக் கடலே, தமிழ் இமயமே, நிழல் தந்த ஆலமரமே’ என்று எழுதி, நடுவில் உங்கள் பாஸ்போர்ட் போட்டோவைப் போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடல், மலை, மரம் மூன்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டியவர் உங்கள் மாணவராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்ததைத்தானே அவரும் திருப்பிக் கொடுக்க முடியும்?

இறந்தவரைக் குறை சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசவில்லை. உங்களிடமே சொல்கிறேன். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் சொன்னேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே நம் பள்ளியில் நீங்களும் நானும் தமிழாசிரியர்கள். ஓய்வறையில் இருவருக்கும் ஒரே மேசை. அடுத்தடுத்த வகுப்பு என்பதால் நீங்கள் உவமை நடத்துவது என் பிள்ளைகளுக்கும் கேட்கும். முகம் என்றால் நிலவு, கண் என்றால் மீன், கூந்தல் என்றால் மேகம். பலகையில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எழுதிவிட்டு, “எடுத்து எழுதுங்க, மனப்பாடம் பண்ணுங்க, மார்க் வாங்குங்க” என்பீர்கள். அத்தோடு பாடம் முடிந்துவிடும். காய்கறிக் கடையில்கூடக் கொஞ்சம் பொறுக்கி எடுக்க விடுவார்கள். உங்கள் வகுப்பில் அதுவும் கிடையாது.

ஒருநாள் பெரிய கடைவீதி ஜவுளிக்கடைக்காரரின் மகள் எழுந்து, “ஐயா, எங்க அக்கா முகம் பூரா பரு. அப்பவும் நிலாதானா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அருமையான கேள்வி. நிலாவிலும்தான் கறை இருக்கிறது என்று அங்கிருந்தே உவமையைத் தொடங்கியிருக்கலாம். நீங்கள் அவளை வெளியே நிற்க வைத்தீர்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “இதுங்களுக்குக் கற்பனை ஒண்ணுதான் கேடு டீச்சர்” என்றீர்கள். வாயில் தயிர்சாதத்தோடு நீங்கள் சொன்ன அந்த வார்த்தை எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

அதையாவது மறந்திருப்பேன். விடைத்தாள் திருத்தும் முகாமை மறக்க முடியாது. எங்கள் மேசைக்கு நீங்கள்தான் தலைமை. நாங்கள் திருத்திய தாள்களைச் சரிபார்த்து மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் உங்களுக்கு உண்டு. யாருடைய தாள் என்று நமக்குத் தெரியாது. பெயர் மறைக்கப்பட்டுத்தான் வரும். சொந்தமாக ஓர் உவமை வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். தாளுக்குத் தாள் நிலவு முகமாக வந்து எனக்குக் கண் பூத்துப்போயிருந்தது. அப்போதுதான் கோணல் கையெழுத்தில் இது வந்தது:

‘அம்மா இறந்த பிறகும் எங்கள் வீடு, கரண்ட் போன ஃபேன் போலக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.’

முழு மதிப்பெண் போட்டேன். கூட்டிப் பார்த்தால் அந்தப் பிள்ளை மயிரிழையில் தேறியிருந்தது. தாள் உங்களிடம் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தீர்கள்.

“என்ன டீச்சர் இது? ஃபேனை எந்தப் புலவன் பாடியிருக்கான்? உவமைன்னா ஒரு அழகு வேணாமா?”

“சொந்தமா எழுதத்தானேங்க சொல்லியிருக்கு. அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லைங்க ஐயா.”

“உணர்ச்சிவசப்படாதீங்க. விடைக்குறிப்புல ஃபேன் இருக்கா, இல்லையா?”

குறிப்பில் நிலவு இருந்தது, தாமரை இருந்தது, மின்விசிறி இல்லை. அடித்துவிட்டுச் சுழி போட்டீர்கள். தாள் தேறாத கட்டுக்குப் போனது. நான் கத்தினேன். மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் டீ வந்துவிட்டதா என்று கேட்டீர்கள். உங்களைப் போன்ற ஒருவர் கையில் தமிழையும் பேனாவையும் கொடுத்தது யார் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போனேன். உங்களுக்காக இல்லை; உங்கள் மனைவிக்காக. என் பிரசவ சமயத்தில் பத்தியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பியவர் அவர்.

“எல்லாரும் வந்து இமயம்ங்கறாங்க, கடல்ங்கறாங்க டீச்சர். எனக்கு ஒண்ணுமே ஒட்டல,” என்றார். “காலையில எந்திரிச்சதும் அவரு குளிக்க ஹீட்டர் போட்டுட்டு நிக்கறேன். மாத்திரையை எடுத்து வெக்கறேன். அவரு இல்லைன்னு தெரியுது, ஆனா கையும் காலும் அது பாட்டுக்கு ஓடுது. இதை என்னன்னு சொல்றதுன்னே தெரியல.”

எங்கள் திருத்தும் மேசைக்கு வந்த தாளில் ஒரு பிள்ளை எழுதியது என்று சொல்லி அந்த வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். மெதுவாக இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். காரியம் முடியும் வரை கண் கலங்காமல் நின்றவர், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து நிமிர்ந்து, “இந்தப் பிள்ளைக்கு அவரு மார்க் போட்டாருங்களா?” என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். இத்தனை வருட ஆத்திரத்தையும் அங்கேயே கொட்டியிருக்கலாம்.

“போட்டாருங்க. முழு மார்க் போட்டாரு,” என்றேன்.

“போடுவாரு. வெளியதான் முறைப்பு, உள்ளுக்குள்ள மனசு உண்டு அவருக்கு,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளை எந்த ஊர், ஆணா பெண்ணா, மறுபடி எழுதித் தேறியதா, எனக்குத் தெரியாது. அதன் வாக்கியத்தை மட்டும் வருடா வருடம் என் வகுப்பில் சொல்கிறேன். பொய் சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை, ஐயா. உங்களை நல்லவராக்கிவிட்டு வந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.