பீர்க்கடையை மூட ஒரு கையெழுத்து

மரியா, நீ பசாரிலிருந்து வருவதற்குள் உன் வீட்டுக்காரர் இந்தச் சீட்டை எழுதிவைத்துவிட்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு வீட்டுக்குப் போய்விட்டார். ஊரடங்கு முடியும்வரை பீர்க்கடையை மூடச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போடத்தான். மயங்கி விழாதே.

“கடையை மூடினா மனுஷன் எப்படி மரியா உயிரோட இருக்கிறது?” என்று நேற்று உன்னிடம் மல்லுக்கு நின்றவர் இவரேதான். ஆனால் சரக்கு லோரி வராததால் நம் மகன் அல்போன்ஸ் பதினோரு நாளாகக் குடிக்கவில்லை. இன்று காலை தானாக எழுந்து கோழிக்கூண்டைச் சரிசெய்தான். அதைப் பார்த்த அதிர்ச்சியில் சேவல் முட்டையிட்டுவிட்டது. நம்பாவிட்டால் பார், முட்டை மேசைமேல் இருக்கிறது. நாளை லோரி வருகிறதாம். அதனால்தான் இந்த ஓட்டம்.

மீன்குழம்பைச் சுடவைத்து அவனுக்குக் கொடு.

பின்குறிப்பு: கட்டிலுக்கடியில் உன் வீட்டுக்காரருடைய பீர் டின் இரண்டு இருக்கிறது. நீயே கொட்டிவிடு. அவர் கொட்டினால் வாய்க்குள்தான் விழும்.